கூச்சம் போக்கும் விளையாட்டுகள்

ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரத்தில் ஆறாம் வகுப்பையோ பதினோராம் வகுப்பையோ எட்டிப் பாருங்கள். திருநாவலூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் ஒரு பெஞ்சில். எலவனாசூர்க்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் இன்னொரு பெஞ்சில். உள்ளூர்ப் பிள்ளைகள் முன்வரிசையில். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளை இருந்தால், அவள் பெரும்பாலும் சுவரோரத்தில் இருப்பாள்.

சென்னையிலிருந்து திருச்சி செல்லும் நெடுஞ்சாலையில், சேலத்துக்குச் சாலை பிரியும் ஊர் நம் உளுந்தூர்பேட்டை. நாலாபுறமிருந்தும் பேருந்துகள் இங்கே வந்து கூடுகின்றன. ஆனால் ஓரிடத்தில் கூடுவதாலேயே மனிதர் ஒன்றுபட்டுவிடுவதில்லை. பேருந்து நிலையத்தில் நூற்றுக்கணக்கானோர் நிற்கிறார்கள். ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியாது. வகுப்பறையும், மறைக்கல்வி வகுப்பும், சாரணியர் முகாமும், பங்கின் இளையோர் குழுவும் அப்படிப் பேருந்து நிலையமாகவே இருந்துவிடலாமா?

இது சிறு விஷயமன்று. ஒதுங்கி நிற்கும் பிள்ளை முதலில் பேச்சைக் குறைக்கிறாள். பிறகு பாடத்தில் ஐயம் கேட்பதை நிறுத்துகிறாள். பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போனவள் திரும்பி வராமலே இருந்துவிடுவதும் உண்டு. அவள் படிப்பு நின்றதற்கு ஆயிரம் காரணம் சொல்வோம். 'அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஒருத்தியும் இல்லை' என்ற காரணம் நம் கண்ணுக்குத் தப்பிவிடும்.

இந்த முதற்கூச்சத்தைப் போக்குவதற்கென்றே சில சிறு விளையாட்டுகள் உள்ளன. மேல்நாட்டார் இவற்றை 'ஐஸ் பிரேக்கர்' என்பர். உறைந்த கடலில் பனிக்கட்டியை உடைத்துச் சென்று, பின்வரும் கப்பல்களுக்கு வழி செய்து தரும் கப்பலுக்கு அந்தப் பெயர். நமக்கு உறைந்த கடல் தெரியாது. கோடையில் இறுகிப்போன நிலம் தெரியும். விவரம் தெரிந்த உழவர் அந்த நிலத்தோடு மல்லுக்கு நிற்பதில்லை. ஒரு மழை பெய்து ஈரம் கண்ட பிறகே ஏர் பூட்டுவார். நம் விளையாட்டுகள் அந்த முதல் மழையைப் போன்றவை.

ஒரு கேள்வியின் கதை

1841 டிசம்பர் 8, அமல அன்னையின் திருநாள். இத்தாலி நாட்டு டூரின் நகரில், புனித பிரான்சிஸ் அசிசியார் ஆலயத்தில் இளங்குருவான தொன் போஸ்கோ திருப்பலிக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். அங்கு வந்து நின்ற ஒரு சிறுவனை, பூசைக்கு உதவத் தெரியாதவன் என்று கோயில் பணியாளர் அடித்து விரட்டினார். தொன் போஸ்கோ அவனைத் திரும்ப அழைத்துவரச் செய்தார். திருப்பலி முடிந்ததும் அவனோடு பேசினார்.

அவன் பெயர் பர்த்தலோமேயு கரெல்லி. வயது 16. தந்தை உண்டா? இல்லை. தாய்? இல்லை. எழுதப் படிக்கத் தெரியுமா? தெரியாது. பாடத் தெரியுமா? அதுவும் தெரியாது. எந்தக் கேள்விக்கும் 'இல்லை', 'தெரியாது' என்பதே பதில். அப்போது தொன் போஸ்கோ, சீழ்க்கை அடிக்கத் தெரியுமா என்று கேட்டாராம். சிறுவன் முகத்தில் சிரிப்பு மலர்ந்தது என்று அவருடைய வரலாற்றில் சொல்லப்படுகிறது. அன்று தொடங்கிய நட்பிலிருந்துதான் அவருடைய இளையோர் பணி முழுவதும் வளர்ந்தது. அவருடைய சபைக் குருக்கள் 1906-இல் தஞ்சாவூருக்கு வந்தனர். அவர் புனித மரிய மசரெல்லோவுடன் 1872-இல் நிறுவிய சபையின் சகோதரிகள் 1922-இல் அதே தஞ்சாவூருக்கு வந்து சேர்ந்தனர்.

அந்தக் கடைசிக் கேள்வியில் என்ன புதுமை? அதற்கு முந்திய கேள்விகள் எல்லாம் அவனிடம் இல்லாததைக் காட்டின. கடைசிக் கேள்வி அவனிடம் இருப்பதைக் கேட்டது. அறிமுக விளையாட்டின் இலக்கணம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது. ஒரு பிள்ளையிடம் இல்லாததைக் கேட்காதே, இருப்பதைக் கேள்.

பிற நாட்டிலும் இதைக் கண்டவர்கள் உண்டு. ஜேன் ஆடம்ஸ் அம்மையார் 1889-இல் தம் தோழியுடன் அமெரிக்காவின் சிகாகோ நகரில் 'ஹல் ஹவுஸ்' என்னும் சேவை இல்லத்தைத் தொடங்கினார். பல நாடுகளிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள் வாழ்ந்த பகுதி அது. ஒருவர் மொழி மற்றவருக்குப் புரியாது. அங்கே நீவா பாய்டு என்ற ஆசிரியை குழு விளையாட்டுகளை ஒரு கல்வியாகவே கற்பித்தார். மொழி சேர்க்காதவர்களை விளையாட்டு சேர்த்தது.

கேட்கக்கூடாத கேள்விகள்

'உன் அப்பா என்ன வேலை பார்க்கிறார்?', 'நீ எந்தத் தெரு?', 'போன பரீட்சையில் எவ்வளவு மார்க்?', 'பண்டிகைக்கு என்ன துணி எடுத்தீர்கள்?' இவை நல்லெண்ணத்தோடு கேட்கப்படும் கேள்விகளே. ஆயினும் அறிமுக விளையாட்டில் இவற்றுக்கு இடம் தரலாகாது. நம் ஊர்களில் தெருவின் பெயரைச் சொன்னால் அந்தப் பிள்ளையின் சாதியைச் சொன்னதாகிவிடுகிறது. தந்தையை இழந்தவளும், வேலை தேடி வெளியூர் போன பெற்றோரைப் பிரிந்து பாட்டியிடம் வளர்பவளும் நம் நடுவே இருக்கிறார்கள். சுவரை இடிக்க வந்த விளையாட்டே இன்னொரு சுவரை எழுப்பிவிடக்கூடாது.

இனி, செலவில்லாமல் நம் பள்ளித் திடலிலும் வகுப்பறையிலும் ஆடக்கூடிய ஆறு விளையாட்டுகளைக் காண்போம்.

1. பெயர்ச் சங்கிலி

பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமாக அமர வேண்டும். ஒவ்வொருத்தியும் தன் பெயரையும் தனக்குத் தெரிந்த ஒரு செயலையும் சொல்லி, அதை நடித்தும் காட்ட வேண்டும். 'நான் மேரி, பூக் கட்டுவேன்.' அடுத்தவள், 'இவள் மேரி, பூக் கட்டுவாள். நான் செல்வி, மல்லாட்டை பிடுங்குவேன்' என்று தொடர வேண்டும். மறந்தவளைக் கேலி செய்யக்கூடாது. பெயருக்கு உரியவளே எடுத்துக் கொடுக்கலாம். பால் கறப்பதும், நெல் புடைப்பதும், தம்பியைத் தூங்க வைப்பதும் இங்கே திறமைகளே. 40 பேர் இருந்தால் நான்கு வட்டங்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரே வட்டமானால் கடைசியில் இருப்பவள் பாடு திண்டாட்டம்.

2. பழமொழிப் பாதி

ஒரு பழமொழியை இரண்டாகப் பிரித்து இரண்டு சீட்டுகளில் எழுத வேண்டும். 'சிறு துளி' என்று ஒன்றில், 'பெரு வெள்ளம்' என்று மற்றொன்றில். 'ஆடிப்பட்டம்' என்று ஒன்றில், 'தேடி விதை' என்று மற்றொன்றில். 40 பேருக்கு 20 பழமொழிகள் வேண்டும். சீட்டுகளைக் குலுக்கி ஆளுக்கொன்று கொடுத்தால், ஒவ்வொருத்தியும் தன் மறுபாதியைத் தேடி அலைவாள். கண்டுபிடித்த இருவரும் மூன்று நிமிடம் பேசிக்கொள்ள வேண்டும். பின்பு ஒருத்தி மற்றவளைச் சபைக்கு அறிமுகம் செய்ய வேண்டும். தன்னைப்பற்றிப் பேசக் கூசுகிறவள்கூடத் தோழியைப்பற்றித் தயங்காமல் பேசுவாள். ஒருத்தி மிஞ்சினால் ஆசிரியை அவளுக்கு இணையாகட்டும்.

3. பேசா வரிசை

யாரும் வாய் திறக்காமல், கை அடையாளத்தால் மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டு, பிறந்த மாதம், நாள் வரிசைப்படி நிற்க வேண்டும். சரியான பிறந்த நாள் தெரியாதவளுக்குப் பள்ளிப் பதிவேட்டில் உள்ள நாளே போதும். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். வாயாடியும் ஊமைபோல் இருப்பவளும் இதில் சமம். பேச்சு வழக்கு வேறுபட்டதால் கேலிக்கு ஆளாகும் பிள்ளைக்கு இது பெரிய ஆறுதல். உயரத்தின்படியோ நிறத்தின்படியோ மதிப்பெண்ணின்படியோ ஒருபோதும் வரிசை நிறுத்தாதீர்கள்.

4. பூப்பறிக்க வருகிறோம்

பாட்டிமார் ஆடிய இந்த ஆட்டத்தைவிட நல்ல அறிமுக விளையாட்டு கிடைப்பது அரிது. இரண்டு அணிகள் எதிரெதிரே கைகோத்து நின்று, பாட்டாகக் கேள்வி கேட்டும் பதில் சொல்லியும் முன்னும் பின்னும் நகர்வார்கள். பறிக்கப்படும் 'பூ' எதிரணிப் பெண் ஒருத்தி. அவள் பெயரைச் சொல்லியே கேட்க வேண்டும். நடுக்கோட்டின் இருபுறமும் நின்று இருவரும் இழுப்பார்கள். கோட்டைத் தாண்டியவள் ஆட்டத்தை விட்டு வெளியேறுவதில்லை. வென்ற அணியோடு சேர்ந்துகொள்கிறாள். தோற்றவளையும் சேர்த்துக்கொள்ளும் ஆட்டம் இது. எல்லாப் பெயரும் ஒருமுறையேனும் பாட்டில் வந்ததா என்று மட்டும் நடத்துபவர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அணி பிரிப்பதற்கும் நம் முன்னோர் வழி வைத்திருக்கிறார்கள். இரண்டு தலைவிகள் மாறி மாறி ஆள் எடுத்தால், கடைசியில் எஞ்சி நிற்பவள் வாழ்நாள் முழுவதும் அதை மறக்கமாட்டாள். 'உத்தி' பிரிப்பதில் அந்த அவமானம் இல்லை. ஏறக்குறைய ஒத்த திறமையுள்ள இருவர் தனியே சென்று, 'சூரியன்', 'சந்திரன்' என்று ஆளுக்கொரு பெயரை ரகசியமாக வைத்துக்கொண்டு வருவர். யார் எதுவென்று தெரியாமலே தலைவி ஒரு பெயரைக் கேட்பாள். இங்கே ஒருத்தியும் வேண்டாதவள் ஆவதில்லை.

5. கை முடிச்சு

எட்டுப் பேர் நெருங்கி வட்டமாக நிற்க வேண்டும். ஒவ்வொருத்தியும் தனக்குப் பக்கத்தில் இல்லாத இருவரின் கைகளைப் பற்றிக்கொள்ள வேண்டும். இரண்டு கையும் ஒரே ஆளைப் பிடிக்கக்கூடாது. பின்பு பிடியை விடாமலே குனிந்தும் நுழைந்தும் திரும்பியும் முடிச்சை அவிழ்க்க வேண்டும். சிலசமயம் ஒரு வட்டமாகவும், சிலசமயம் இரண்டு வட்டங்களாகவும் அவிழும். அவிழவே இல்லையென்றால் ஒரு கையை மட்டும் விட்டுப் பிடிக்க அனுமதிக்கலாம். மணிக்கட்டைத் திருகாதிருக்க எச்சரிக்க வேண்டும். கண்ணாடி வளையலைக் கழற்றி வைத்துவிட வேண்டும். இதுவரை ஒருவர் கையை ஒருவர் தொட்டறியாத பிள்ளைகள் இதில் ஒருவரையொருவர் நம்பி நிற்கிறார்கள்.

6. நூல் வலை

நிறைவாக ஆடத் தக்கது இது. வட்டமாக நின்று, நூலின் நுனியைப் பிடித்துக்கொண்டு, எதிரே இருப்பவளின் பெயரைச் சொல்லி நூல்கண்டை எறிய வேண்டும். அவளிடம் அன்று கண்ட ஒரு நல்ல குணத்தையும் சொல்ல வேண்டும். எல்லோரிடமும் சென்று முடிந்ததும் நடுவே ஒரு வலை தெரியும். ஒருத்தியை மட்டும் நூலை விடச் சொல்லுங்கள். வலை தொய்வதை எல்லோரும் காண்பார்கள். பிறகு பிரசங்கம் தேவையில்லை.

நடத்துபவர் கவனத்துக்கு

முதலில் கூட்டத்திலேயே அதிகம் கூசுகிறவள் யார் என்று பாருங்கள். அவளால் ஆட முடிந்த விளையாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். நன்றாகப் பேசுகிற நால்வரின் சிரிப்பைக் கேட்டு ஏமாந்துவிடக்கூடாது.

ஒருத்தி ஆட விரும்பவில்லையென்றால் வற்புறுத்தலாகாது. நேரம் பார்க்கவோ சீட்டுகளைக் கொடுக்கவோ அவளிடம் சொல்லுங்கள்; பெரும்பாலும் மூன்றாவது ஆட்டத்தில் தானே வந்து சேர்ந்துகொள்வாள். தோற்றவளைப் பாடச் சொல்வதும் தோப்புக்கரணம் போடச் சொல்வதும் வேண்டாம். சலிப்புத் தட்டுமுன் நிறுத்திவிடுங்கள். ஒரு கூட்டத்துக்கு 15 நிமிடமும் இரண்டு ஆட்டமும் போதும்.

ஆட்டம் முடிந்ததும் ஐந்து நிமிடம் அமர்ந்து பேசுங்கள். 1925-இல் பெல்ஜியத்தில் இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்தைத் தொடங்கிய கார்டின் அடிகளார், பார், சிந்தி, செயல்படு என்று மூன்று படிகளை வகுத்தார். திருத்தந்தை 23-ஆம் யோவானும் 1961-இல் தம் சுற்றுமடலில் இம்முறையைப் பரிந்துரைத்தார். நாமும் மூன்று கேள்விகள் கேட்கலாம். இன்று என்ன பார்த்தோம்? யார் பெயரை இத்தனை நாள் அறியாதிருந்தோம், ஏன்? நாளை என்ன செய்யப்போகிறோம்? மூன்றாம் கேள்விக்கு விடை இல்லாவிட்டால் ஆடியது வெறும் பொழுதுபோக்கே. மதிய உணவு வேளையில் யார் பக்கத்தில் அமர்வது என்பதுகூட நல்ல விடைதான்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. மாலையில் வீடு திரும்பும் மகளிடம், 'இன்று என்ன பாடம் நடந்தது?' என்று கேட்பதோடு, 'இன்று யார் பெயரைப் புதிதாகத் தெரிந்துகொண்டாய்?' என்றும் கேளுங்கள். அவள் சொல்லும் பெயருக்கு, 'அவர்கள் எந்த ஆட்கள்?' என்று மட்டும் திருப்பிக் கேட்டுவிடாதீர்கள். பள்ளியில் நாங்கள் ஒரு மாதமாக அவிழ்த்த முடிச்சு அந்த ஒரு கேள்வியில் மறுபடி விழுந்துவிடும்.

அன்பு மாணவியரே! ஆயன் தன் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைப்பதாக யோவான் நற்செய்தியில் வாசிக்கிறோம். கூட்டமாக ஓட்டுவதற்குக் கோல் போதும். பெயர் சொல்லி அழைப்பதற்கு அன்பு வேண்டும். வரும் ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது, சுவரோரத்தில் நிற்பவளிடம் முதலில் போங்கள். அவள் பெயரைக் கேளுங்கள். அவளுக்கு என்ன செய்யத் தெரியும் என்று கேளுங்கள். பிறகு அவள் கையைப் பிடித்து ஆட்டத்துக்கு அழைத்து வாருங்கள்.