உணவு வேளை கேட்டுப் பிறந்த சங்கம்

ஆலையில் உழைக்கும் தந்தை நண்பகலில் அமர்ந்து உண்ண நேரம் பெறுகிறார். குறித்த வேளையில் வீடு திரும்புகிறார். குறை ஏதும் நேர்ந்தால் தம் தோழரோடு கூடி முறையிடுகிறார். இவையெல்லாம் இயல்பாகவே அமைந்தவை என்று நம் பிள்ளைகள் எண்ணக்கூடும். அன்று! இவை ஒவ்வொன்றுக்கும் யாரோ ஒருவர் விலை கொடுத்திருக்கிறார். அவ்விலையின் பெரும் பகுதி கொடுக்கப்பட்ட இடங்களுள் ஒன்று, வடசென்னையில் உள்ள பெரம்பூர்.

அங்கே பின்னி நிறுவனத்தாரின் பக்கிங்காம், கர்னாடிக் என்னும் இரு பஞ்சாலைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்தன. பல்லாயிரவர் அவற்றை நம்பி வாழ்ந்தனர். 1911-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டப்படி, பஞ்சாலையில் ஆடவரை நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்கலாம். இடையே உணவுக்கென்று கிடைத்த நேரமோ மிகச் சொற்பம். கை கழுவி, கொண்டுவந்த சோற்றை அள்ளி விழுங்கிவிட்டு, கதவு அடைபடுமுன் உள்ளே ஓடவேண்டும். பஞ்சுத் தூசியும் இயந்திர வெப்பமும் நிறைந்த கூடங்களில் நாள் முழுதும் நின்றவர்க்கு அந்தச் சிறு ஓய்வும் முழுமையாக வாய்க்கவில்லை.

இத்துயரத்தை நாள்தோறும் அருகிருந்து கண்டவர் செல்வபதிச் செட்டியார். அவர் ஆலைக்கு அருகே துணிக்கடை நடத்தி வந்தவர், பெருந்தலைவர் அல்லர். அவரும் அவர் நண்பர் இராமானுஜுலு நாயுடுவும் வேங்கடேச குணாமிர்த வருஷணி சபை என்னும் பக்திச் சபையில் ஈடுபாடு கொண்டிருந்தனர். ஆலைத் தொழிலாளரும் அங்கே சமயச் சொற்பொழிவு கேட்க வருவர். கேட்டு முடிந்தபின் தம் குறைகளைப் பேசுவர். பக்திக்காகக் கூடியவர்கள் ஒருவர் துயரத்தை ஒருவர் அறியத் தொடங்கினர். சங்கத்தின் விதை அங்கேதான் விழுந்தது.

1918 மார்ச்சு 2-ஆம் நாள் அச்சபையின் சார்பில் நடந்த கூட்டத்தில், ‘தேசபக்தன்’ ஆசிரியரான திரு.வி. கலியாணசுந்தரனார் தொழிலாளரிடையே பேசினார். பின்னர் நண்பர் இருவரும் அன்னி பெசன்டு அம்மையாரின் ‘நியூ இந்தியா’ அலுவலகத்தை நாடி, அங்கிருந்த பி. பி. வாடியாவிடம் முறையிட்டனர். வாடியா பார்சி இனத்தவர்; தமிழ் அறியாதவர். ஆயினும் அவர் பெரம்பூருக்கு வந்தார். ஏப்ரல் 27-ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர்களுள் ஒருவர். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று வரலாற்றாசிரியர் பலர் இதனையே குறிப்பிடுவர்.

சோதனைகள் விரைவில் வந்தன. 1920 அக்டோபரில் பக்கிங்காம் ஆலையில் பூசல் மூண்டு கதவு அடைக்கப்பட்டது. டிசம்பரில் போலீசார் சுட்டதில் தொழிலாளர் இருவர் மாண்டனர். நிறுவனம் உயர்நீதிமன்றத்தை அணுகி, வேலை ஒப்பந்தத்தை மீறுமாறு தொழிலாளரைத் தூண்டினார்கள் என்று வாடியா முதலியோர்மீது நட்டஈடு கோரி வழக்குத் தொடுத்தது; தடையாணையும் பெற்றது. அக்காலச் சட்டத்தில் தொழிற்சங்கத்துக்குப் பாதுகாப்பு ஏதும் இல்லை. ஏழைகளுக்காகப் பரிந்து பேசுவதே வழக்குக்குரிய குற்றமாயிற்று! 1921 சனவரியில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி வாடியா சங்கத்தை விட்டு விலக நேர்ந்தது.

இதனினும் கொடிய சோதனை அதே ஆண்டில் உள்ளிருந்தே எழுந்தது. ஆண்டின் நடுவில் மீண்டும் வேலைநிறுத்தம் தொடங்கியது. வாரங்கள் செல்லச் செல்ல அடுப்புகள் அணைந்தன. ஆதிதிராவிடத் தொழிலாளருள் பெரும்பாலோர் எம். சி. இராஜா முதலிய தம் தலைவர்களின் அறிவுரைப்படி வேலைக்குத் திரும்பினர். அவர்களுடைய வறுமையையும், நெடுங்காலமாகச் சாதியால் பட்ட தனித்துயரையும் மற்றவர் உணர்ந்தனரா? உணரவில்லை என்பதற்குப் புளியந்தோப்பே சான்று. குடிசைகள் எரிந்தன. ஒரே கூடத்தில் தோளோடு தோள் நின்று நூல் நூற்றவர்கள் தெருவில் பகைவராயினர். போலீசாரின் துப்பாக்கியும் உயிர்களைக் குடித்தது. அக்டோபரில் வேலைநிறுத்தம் பயனின்றி முடிந்தது. முதலாளியின் செல்வமோ அரசின் படையோ மட்டும் சங்கத்தைத் தோற்கடிக்கவில்லை. தொழிலாளர் தம் இல்லங்களிலிருந்து உடன் கொண்டுவந்த சாதியும் சேர்ந்தே தோற்கடித்தது.

எனினும் பெரம்பூர் சிந்திய கண்ணீர் வீண்போகவில்லை. வாடியாமீது தொடுக்கப்பட்ட வழக்கு நாடெங்கும் கவலையை எழுப்பியது. 1921-இலேயே என். எம். ஜோஷி மத்திய சட்டமன்றத்தில், தொழிற்சங்கங்களைப் பதிவு செய்யவும் காக்கவும் சட்டம் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். 1926-இல் இந்தியத் தொழிற்சங்கச் சட்டம் நிறைவேறி, 1927 சூன் முதல் நடைமுறைக்கு வந்தது. தொழில் தகராறில் வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார் என்னும் காரணத்துக்காக மட்டும் பதிவு பெற்ற சங்கத்தின்மீது நட்டஈட்டு வழக்குத் தொடுப்பதை அச்சட்டம் தடுத்தது. வேலை நேரமும் படிப்படியாகக் குறைந்தது: 1922-ஆம் ஆண்டுத் திருத்தம் வாரத்துக்கு அறுபது மணி என்றும், 1948-ஆம் ஆண்டுச் சட்டம் நாற்பத்தெட்டு மணி என்றும் வரையறுத்தன.

அப்பெரும் ஆலைகள் 1996-இல் மூடப்பட்டன. ஆயினும் அவை விட்டுச் சென்ற படிப்பினை நம் இல்லங்களுக்கும் உரியது. கடை நடத்திய ஒருவர், தம் வாயிலைக் கடந்து ஓடிய பசித்த மனிதரைக் கண்டும் காணாதவர்போல் இருந்திருந்தால் அச்சங்கம் பிறந்திருக்குமா? உடன் உழைப்பவரின் சாதியைக் கேளாது அவருடைய பசியைக் கேட்டிருந்தால் அது 1921-இல் உடைந்திருக்குமா?

இன்றிரவு குடும்பமாக உணவுக்கு அமரும்போது, பெற்றோரே, இக்கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். நம் வீட்டு வேலைக்கு வருபவருக்கும் நம் கடையில் நிற்பவருக்கும் உட்கார்ந்து உண்ண நேரம் தருகிறோமா என்று அவர்கள் திருப்பிக் கேட்டால், கோபியாதீர்கள். விடை சொல்ல வேண்டியவர்கள் நாமே.