பேஸ்மேக்கர் அட்டை பத்திரமா?

நெகிரி செம்பிலான் தோட்டமொன்றில் பால்மரம் சீவி ஓய்வுபெற்ற ஒரு பெரியவருக்குப் பல ஆண்டுகளுக்கு முன் நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இப்போது பேட்டரி தீரப்போகிறது. “புதிதாக ஒன்றை வைத்தால் போதுமே” என்று வீட்டார் நினைப்பார்கள். மருத்துவரோ முதலில் ஓர் அட்டையைக் கேட்பார். ஏன்?

பேஸ்மேக்கர் ஒரே பொருள் அன்று. தோளெலும்புக்குக் கீழே தோலுக்கடியில் ஒரு சிறு பெட்டி; அதிலிருந்து இரத்தக்குழாய் வழியே இதயத்துக்குள் செல்லும் கம்பி. பேட்டரி ஏறக்குறைய 8 முதல் 12 ஆண்டுகள் உழைக்கும். கம்பி அதைவிட நீண்டகாலம் இருக்கும். நாளடைவில் சதையோடு ஒட்டிக்கொள்வதால் அதை எடுப்பது ஆபத்தானது. ஆகவே, கம்பி நன்றாக இருந்தால் பெட்டியை மட்டுமே மாற்றுவார்கள்.

இங்குதான் சிக்கல். பழைய கம்பியின் முனை, புதிய பெட்டியின் துளைக்குள் கச்சிதமாகப் பொருந்த வேண்டும். 1958-இல் சுவீடனில் முதல் பேஸ்மேக்கர் மனித உடலுக்குள் வைக்கப்பட்டது. அதன்பின் பல ஆண்டுகள் நிறுவனத்துக்கு நிறுவனம் முனையின் அளவு மாறியது. 5 அல்லது 6 மில்லிமீட்டர் தடிமனில் சில, 3.2 மில்லிமீட்டரில் சில. தடிமன் ஒன்றாக இருந்தாலும் முனையின் நீளமும் ஈரத்தைத் தடுக்கும் வளையங்களும் வேறுபட்டன. இதைச் சீர்செய்யும் ‘ஐ.எஸ்-1’ என்ற பொதுத் தரத்தை 1992-இல் ஐ.எஸ்.ஓ. அமைப்பு வெளியிட்டது. 2010-இல் நான்கு மின்முனைக் கம்பிகளுக்கு வேறொரு தரம் வந்தது. அது ஐ.எஸ்-1 துளையில் பொருந்தாது.

பொருந்தாத முனை தளர்ந்தால் மின்துடிப்பு இதயத்துக்குப் போய்ச் சேராது. உடல்நீர் உள்ளே கசிந்தால் மின்சாரமும் கசியும். தலைசுற்றலும் மயக்கமும் வரலாம். பேஸ்மேக்கரையே முழுதும் நம்பியிருப்பவருக்கு உயிராபத்து. இடையே ‘அடாப்டர்’ வைத்து இணைக்கலாம். ஆனால் நெஞ்சில் பருமன் கூடும். பழுதாகக்கூடிய இணைப்பும் ஒன்று கூடும்.

எக்ஸ்ரே படம் பெட்டியை அடையாளம் காண உதவும். ஆனால் கம்பியின் முழு விவரத்தையும் அது சொல்லிவிடாது. பெட்டி, கம்பி இரண்டின் மாடல் எண்ணும் வரிசை எண்ணும் அட்டையில் இருக்கும். சரியான பெட்டியை அறுவைக்கு முன்பே தருவித்து வைக்க அது வேண்டும். எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா என்பதையும் இரண்டையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது லயத்து வீடுகளைவிட்டு வந்த குடும்பங்களில் இத்தகைய தாள்கள் தொலைவது எளிது. அட்டையை அடையாளக் கார்டுடன் வைத்து, கைப்பேசியில் படமெடுத்துப் பிள்ளைகளிடமும் கொடுத்து வைப்பது நல்லது. தொலைந்திருந்தால், பேட்டரி தீரும்வரை காத்திராமல், சிகிச்சை பெற்ற மருத்துவமனையில் இப்போதே பதிவைக் கேட்க வேண்டும்.