மாட்டுக்கு அவசரமா? போனிலேயே டாக்டர் பார்க்க முடியுமா? 1962 வேலை செய்வது இப்படித்தான்!

நமக்கு ஒன்று என்றால் 108. வீட்டு மாடு எழுந்திருக்காமல் படுத்துவிட்டால்? அதற்கு 1962. நகரத்தில் வேலை பார்க்கும் பலரின் ஊர்வீட்டில் இன்றும் ஒன்றிரண்டு கறவை மாடுகள் இருக்கின்றன. அதில் ஒன்று செத்தால் பால் வருமானம் அன்றோடு நின்றுவிடும். எனவே இந்த எண்ணை நீங்களும் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

கால் செய்தால் என்ன நடக்கும்?

1962 கட்டணமில்லா எண். கால் சென்டரில் அறிகுறிகளைக் கேட்பார்கள். எது அவசரம், எது நாளைவரை தாங்கும் என்று பிரித்து, பக்கத்தில் உள்ள நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்குத் தகவல் போகும். மத்திய அரசுத் திட்டப்படி ஊர்தியில் கால்நடை மருத்துவர், உதவியாளர், ஓட்டுநர் என 3 பேர் இருப்பார்கள்.

போட்டோ அனுப்பினால் போதாதா?

சில நோய்களுக்கு அதுவே பெரிய உதவி. 2022-ல் ராஜஸ்தான், குஜராத் உள்ளிட்ட மாநிலங்களில் பரவிய தோல் கழலை நோய் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகளைக் கொன்றது. உடம்பெங்கும் கட்டி கட்டியாக வீங்கும். படத்தைப் பார்த்ததுமே மருத்துவருக்குச் சந்தேகம் வந்துவிடும். ‘மாட்டைத் தனியாகக் கட்டுங்க, ஈ, கொசு அண்டாம பாத்துக்கோங்க’ என்று உடனே சொல்லிவிடலாம்.

ஆனால், எல்லாமே அப்படி இல்லை. பால் காய்ச்சலை எடுத்துக்கொள்வோம். பெயரில்தான் காய்ச்சல். கன்று ஈன்ற 3 நாள்களுக்குள் ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து சரிந்து மாடு படுத்துவிடும். காது சில்லென்று இருக்கும். நரம்பு வழியாக கால்சியம் ஏற்ற வேண்டும், அதுவும் சில மணி நேரத்துக்குள். அதை எந்த ஆப்பும் செய்யாது, மருத்துவர் நேரில் வந்தே ஆக வேண்டும். இடது பக்க வயிறு உப்பி மூச்சுவாங்குவது, கன்று பாதியில் சிக்கிக்கொள்வது ஆகியவையும் இதே ரகம்.

அப்படியென்றால் போனின் வேலை என்ன? மருத்துவர் வரும்வரை தப்பு நடக்காமல் பார்த்துக்கொள்வது. படுத்த மாட்டின் வாயில் கஷாயம் ஊற்றுவது பல ஊர்களில் வழக்கம். விழுங்கத் திராணியில்லாத மாட்டுக்கு அது நுரையீரலுக்குள் போய்விடலாம். ‘எதுவும் ஊத்தாதீங்க, பக்கவாட்டில் சாயவிடாம நெஞ்சு தரையில் படும்படி நிமித்தி உட்கார வைங்க’ என்று போனில் ஒருவர் சொன்னால், அதுவே மாட்டைக் காப்பாற்றலாம்.

காது வில்லை எதற்கு?

மாட்டின் காதில் மஞ்சள் நிறத்தில் தொங்குவது 12 இலக்க அடையாள எண். ‘மாட்டு ஆதார்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். கோமாரித் தடுப்பூசி, சினை ஊசி, சிகிச்சை விவரங்கள் ‘பாரத் பசுதன்’ தரவுத்தளத்தில் இந்த எண்ணில்தான் பதிவாகின்றன. பதிவு சரியாக இருந்தால், புதிதாக வரும் மருத்துவருக்கும் மாட்டின் பழைய கதை தெரியும்.

அப்போ சிக்கல் எங்கே?

ஊர்தியில். ஒரு லட்சம் கால்நடைகளுக்கு ஒரு வண்டி என்பதுதான் திட்டத்தின் கணக்கு. 2019 கணக்கெடுப்பின்படி நாட்டில் இருக்கும் கால்நடைகள் 53 கோடிக்கும் மேல். எத்தனை ஆப் வந்தாலும், வண்டியும் மருத்துவரும் கூடாமல் காத்திருப்பு குறையாது.

இப்போதே செய்ய வேண்டியவை

* அப்பா, அம்மா போனில் 1962-ஐச் சேமித்துக் கொடுங்கள்.
* காது வில்லை எண் தெரியும்படி மாட்டைப் படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.
* கால் செய்யும்போது சொல்ல வேண்டியவை: எப்போது கன்று போட்டது, கடைசியாக என்ன தின்றது, அசை போடுகிறதா, சாணி போட்டதா, எழுந்து நிற்கிறதா.
* பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட வேண்டாம். அந்த மருந்து பாலிலும் இறங்கும்.