ஒரே ஆம்பிளிபயர், பல அறைகள்

கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் வருவதற்கு முன்னர், அங்குள்ள சுரங்கங்களின் யந்திரங்கள் நீராவியால் இயங்கி வந்தன. அருகில் நிலக்கரியும் இல்லை, பேராறும் இல்லை. விசை தரவல்ல நீர்வீழ்ச்சியோ, சுமார் 92 மைல், அதாவது 147 கிலோமீட்டர் தொலைவில், காவிரியாற்றின் சிவசமுத்திரத்தில் இருந்தது. திவான் சேஷாத்ரி ஐயரின் காலத்தில் மைசூர் அரசு வகுத்த திட்டத்தின்படி, 1902-ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில் அம்மின்சாரம் தங்கவயலை வந்தடைந்தது. அக்காலத்தில் இவ்வளவு நீண்ட கம்பித்தொடரின் வழியே மின்சாரம் அனுப்புவது உலகில் எங்குமே அரிதான செயலாகும்.

அதை இயல்வதாக்கியது மின்னழுத்தத்தின் உயர்வே. ஒரு கம்பியில் வீணாகும் திறன், அதில் ஓடும் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மின்னழுத்தத்தைப் பத்து மடங்கு உயர்த்தினால், அதே திறனை அனுப்பப் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டம் போதும். கம்பியில் வெப்பமாக வீணாவது நூறில் ஒரு பங்காகிவிடும். ஆகவேதான் மின்மாற்றிகளைக் கொண்டு மின்னழுத்தத்தை முப்பதாயிரம் வோல்ட் அளவுக்கு உயர்த்தி அனுப்பி, சுரங்கத்தின் அருகில் மீண்டும் தாழ்த்தினர். தங்கவயலின் சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டில் மூடப்பட்டன. எனினும் அந்தக் கணக்கு, ஒரு சுரங்கத்தை மட்டுமன்றி ஒரு பள்ளிக்கூடத்தையும் ஆளுகின்றது.

ஊர்ப் பள்ளியொன்றுக்கு யாரோ ஒருவர் வீட்டு உபயோக ஸ்டீரியோ ரிசீவர் ஒன்றை நன்கொடையாக அளிக்கின்றார் எனக் கொள்க. வானொலிப் பாடங்களையும் அறிவிப்புகளையும் எல்லா வகுப்பறைகளிலும் கேட்கச் செய்ய வேண்டுமென்பது தலைமையாசிரியரின் விருப்பம். முதலில் இரண்டு ஒலிபெருக்கிகள்; பின்னர், ‘இன்னும் ஒன்று சேர்த்தால் என்ன?’ என்று மேலும் இரண்டு. சில நாட்கள் குறைவில்லை. ஆண்டு விழாவன்று ஒலியைச் சற்று உயர்த்தியதும் பெட்டி சூடேறிப் பேச்சடங்கி விடுகின்றது. பழுது பார்ப்பவர், வெளியீட்டு டிரான்சிஸ்டர்கள் எரிந்துவிட்டன என்கிறார். பழி பெரும்பாலும் பெட்டியின் மீது விழும். உண்மையில் பிழை இணைப்பில்தான்.

ஒலிபெருக்கியின் பின்புறம் ‘8 ஓம்’ என்று அச்சிடப்பட்டிருக்கும். ஆம்பிளிபயர் 20 வோல்ட் அளித்தால், அதில் 2.5 ஆம்பியர் ஓடும். திறன் 50 வாட். பக்க இணைப்பில் இத்தகைய இரண்டைச் சேர்த்தால் மொத்த எதிர்ப்பு 4 ஓம். நான்கைச் சேர்த்தால் 2 ஓம். அதே 20 வோல்ட்டுக்கு இப்போது 10 ஆம்பியர், 200 வாட். வீட்டு ரிசீவர்கள் பலவும் 4 ஓமுக்குக் கீழ் தாங்கா. சில 6 ஓமுக்குக் கீழும் தாங்கா. ஒலி தாழ்வாக இருக்கையில் பிழை வெளிப்படுவதில்லை. அதுவே இதிலுள்ள வஞ்சகம்.

தொடர் இணைப்பில் ஆபத்து குறைவு. ஆயின் ஓர் ஒலிபெருக்கியின் சுருள் அறுந்தால் அத்தொடர் முழுவதும் ஊமையாகும். இரண்டிரண்டாகத் தொடரில் இணைத்து, அவ்விரு தொடர்களையும் பக்கமாக இணைப்பின் நான்கும் சேர்ந்து 8 ஓமே காட்டும். நான்கும் ஒரே வகையினவாக இருத்தல் வேண்டும். எட்டு, பத்து அறைகளுக்கு இம்முறை உதவாது.

கம்பியின் பங்கையும் கருதவேண்டும். 0.75 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியின் தடை, கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 23 ஓம். 60 மீட்டர் தொலைவிலுள்ள அறைக்குப் போக வர 120 மீட்டர்; தடை சுமார் 2.8 ஓம். அங்கே 8 ஓம் ஒலிபெருக்கி ஒன்றிருப்பின், பெட்டியின் அருகிலிருந்தால் பெறக்கூடிய திறனில் பாதிக்குச் சற்று மேலாகவே அது பெறும். நான்கு ஒலிபெருக்கிகள் பக்க இணைப்பில் இருப்பின், செல்லும் திறனில் பாதிக்கு மேல் கம்பியைச் சூடாக்குவதிலேயே கழியும். கடைசி வகுப்பு மாணவர்கள் ‘கேட்கவில்லை, ஐயா’ என்பதற்குக் காரணம் இதுவே.

சிவசமுத்திரத்துப் பொறியாளர்கள் செய்ததையே இங்கும் செய்யலாம். பொது ஒலிபரப்புக்கென விற்கப்படும் ஆம்பிளிபயர்களில் ‘100 வோல்ட்’ என்று குறித்த முனைகள் உண்டு. அமெரிக்காவில் வழங்குவது 70 வோல்ட் முறை. ஒவ்வோர் ஒலிபெருக்கியிலும் ஒரு சிறு மின்மாற்றி பொருத்தப்பட்டிருக்கும். அதில் 5 வாட், 10 வாட் எனக் குறித்த முனைகளுள் ஒன்றைத் தேர்ந்து, எல்லாவற்றையும் ஒரே இணைக்கம்பியில் பக்கம் பக்கமாகச் சேர்க்கலாம். 10 வாட் முனையின் எதிர்ப்பு 1,000 ஓம். அதன் முன் 2.8 ஓம் கம்பி ஒரு பொருட்டன்று. ஓம் கணக்கும் தேவையில்லை; வாட்டுகளைக் கூட்டினால் போதும். பன்னிரண்டு அறைகளுக்கு ஐந்தைந்து வாட் எனில் 60. அதற்கு 80 வாட் ஆம்பிளிபயர் ஒன்று வசதியாக இருக்கும். நூலகத்துக்கு அடுத்த அறைக்குக் குறைந்த வாட் முனையைக் கொடுத்தால் அங்கு மட்டும் ஒலி தாழும்.

நன்கொடைப் பெட்டியை ஒதுக்கவேண்டியதில்லை. அதன் சிறு வெளியீட்டிலிருந்து பொது ஒலிபரப்பு ஆம்பிளிபயருக்கு ஒலியைக் கொடுக்கலாம். ஸ்டீரியோவை மோனோவாக மாற்றிய பின்னரே அனுப்புக. இல்லாவிடில் ஓர் அறைக்கு வயலினும் மற்றோர் அறைக்குப் பாட்டும் போய்ச் சேரக்கூடும். இடது, வலது ஒலிபெருக்கி முனைகளைக் கம்பியால் ஒன்றாகப் பிணைப்பது எக்காரணம் கொண்டும் கூடாது.

மல்டிமீட்டரைக் கொண்டு சோதிப்பவர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். அது நேர்மின்னோட்டத் தடையை மட்டுமே காட்டும். 8 ஓம் ஒலிபெருக்கி 6 அல்லது 7 என்று காட்டும். 1,000 ஓம் காட்டவேண்டிய மின்மாற்றி மிகக் குறைந்த எண்ணைக் காட்டும். கம்பி எங்கோ ஒட்டிவிட்டது என்று கலங்கிச் சுவரைப் பெயர்த்தல் வீண் வேலை.

100 வோல்ட் என்பது அதிர்ச்சி தரக்கூடியது. ஆகையால் பெட்டியை நிறுத்திய பின்னரே கம்பியைத் தொடவேண்டும்; குழந்தைகளின் கைக்கெட்டும் உயரத்தில் திறந்த முனை இருத்தலாகாது. சாதாரண மின்விளக்குப் பிளக்கையும் சாக்கெட்டையும் இதற்குப் பயன்படுத்துவோர் உளர். யாரேனும் அறியாமல் ஒலிபெருக்கியை 230 வோல்ட் சாக்கெட்டில் செருகிவிட்டால் விளைவு விபரீதமாகும். வேறு வடிவமுள்ள இணைப்பிகளையே பயன்படுத்துக; கம்பியையும் மின்விநியோகக் கம்பியினின்று விலக்கித் தனிக் குழாயில் கொண்டு செல்க. வேலை முடிந்ததும், விழா நாளுக்கு முன்னதாகவே, கடைசி அறையில் ஒருவரை நிறுத்தி ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பெட்டியின் சூட்டைக் கையால் பார்ப்பது நலம்.