உங்களுக்குத் தெரியுமா? எட்டுக் காவல் படைகளுக்கு ஒரே பணி ஆணையம்

ஸ்காட்லாந்துக் காவல் பணிகள் ஆணையம் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைக்கப்பட்டு, 2007 ஏப்ரல் 1 முதல் இயங்கியது. அப்போது ஸ்காட்லாந்தில் எட்டு வட்டாரக் காவல் படைகள் தனித்தனியே இருந்தன. ரோந்து, கைது, புலன்விசாரணை ஆகியவை அந்தப் படைகளின் வேலை. அவற்றுக்குப் பின்னால் நடக்கும் பொதுவான வேலைகளை ஆணையம் ஏற்றது: தடய அறிவியல், குற்றப் பதிவேடுகள், கணினிச் சேவை, பயிற்சி.

இவற்றில் மிகவும் சிக்கலானது தடய அறிவியல்தான். 1997இல் ஒரு கொலை நடந்த வீட்டில் கிடைத்த கைரேகை, விசாரணையில் ஈடுபட்ட பெண் காவலருடையது என்று நிபுணர்கள் சொன்னார்கள். தான் அந்த வீட்டுக்குள் நுழையவே இல்லை என்று மறுத்த அவர்மீது பொய்ச்சாட்சி வழக்கு பாய்ந்தது, 1999இல் விடுதலையானார். அந்த நிபுணர்கள் பணியாற்றிய கைரேகைப் பிரிவு பின்னர் ஆணையத்தின்கீழ் வந்தது. கைரேகை அவருடையதல்ல என்று 2011இல் வெளியான பொது விசாரணை அறிக்கை உறுதிசெய்தது. கைரேகைச் சான்றை மறுக்கமுடியாத உண்மையாக அல்லாமல் நிபுணரின் கருத்தாகவே கொள்ளவேண்டும் என்றும் பரிந்துரைத்தது. தாமதமாக வந்தாலும் நியாயமான பரிந்துரை.

2013 ஏப்ரல் 1 அன்று எட்டுப் படைகளும் ஒன்றாக இணைந்தபோது ஆணையம் கலைக்கப்பட்டது. பெரும்பாலான பணிகள் புதிய காவல்துறைக்குச் சென்றன. தடய அறிவியல் மட்டும், புலனாய்வாளர்களின் பிடிக்குள் சிக்காதிருக்க, காவல்துறையைக் கண்காணிக்கும் தனி அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டது.