இரண்டு கடிகாரங்கள்

நான் ஆசிரியப் பணியில் இருந்தபோது என் வகுப்பில் ஒரு சிறுவன் பயின்றான். பிறவியிலேயே அவனுடைய வலக் கருவிழி பால்போல் வெளுத்திருந்தது. பத்தாம் வயதில் அதற்கு மாற்றுப் படலம் பொருத்தினார்கள். கண் தெளிந்தது. ஆயினும் இடக்கண்ணை மூடிக்கொண்டால், கரும்பலகையில் நான் பெரிதாக எழுதிய ‘அ’ அவனுக்குப் புலப்படவில்லை. இஃது ஏன்?

கடிகாரத்தின் முகப்புக் கண்ணாடியைப் போல, கண்ணின் முன்புறத்தே நிறமற்ற கருவிழிப்படலம் அமைந்துள்ளது. அது கலங்கினால் ஒளி தெளிவாக உட்புகாது. கலங்கியதை அகற்றி, இறந்தவர் ஈந்த தெளிந்த படலத்தைத் தைப்பதே மாற்றுச் சிகிச்சை.

அப்படலத்தின் உட்புறத்தில் ஒற்றை வரிசையாக உள்ள உயிரணுக்கள் நீரை இறைத்து வெளியேற்றி அதைத் தெளிவாக வைத்திருக்கின்றன. அவை மடிந்தால் ஈடாகப் புதியவை தோன்றுவதில்லை. ஆதலால் இறந்த ஆறு மணி நேரத்துக்குள் கண்ணை எடுத்தல் வேண்டும். முன்னாளில் முழுக்கண்ணையும் ஈரக் குப்பியிலிட்டுக் குளிரில் வைத்தனர். இரண்டு நாளுக்குமேல் தாங்காது. 1974-இல் மெக்கேரி, காஃப்மன் என்னும் அமெரிக்க அறிஞர்கள் வகுத்த ஊட்டக் கரைசல், 4 டிகிரி செல்சியஸ் குளிரில் படலத்தை நான்கு நாள் காத்தது. இன்றைய கரைசல்கள் பதினான்கு நாள்வரை காக்கின்றன. ஐரோப்பாவில் உடற்சூட்டை ஒட்டிய வெப்பத்தில் ஏறத்தாழ நான்கு வாரம் பேணுகின்றனர். முதற் கடிகாரத்தை மனிதன் மெதுவாக ஓடச்செய்துவிட்டான்.

இரண்டாவது கடிகாரம் குழந்தையின் மூளையில் ஓடுகிறது. கண் ஒளியை வாங்குகிறது. காணக் கற்பதோ மூளை. 1960-களில் ஹ்யூபெல், வீசல் என்ற அறிஞர்கள் பூனைக்குட்டிகளின் ஓர் இமையை இளமையிலேயே தைத்து வைத்தனர். பின்னர்த் திறந்தபோது கண் நலமாகவே இருந்தது. மூளை அதனைப் பொருட்படுத்தவில்லை. இவ்வாராய்ச்சிகளுக்காக 1981-இல் அவர்கள் நோபெல் பரிசு பெற்றனர். என் மாணவனுக்கு நேர்ந்ததும் இதுவே.

ஆகவே மருத்துவர்கள் சில மாதக் குழந்தைக்கும் இச்சிகிச்சை செய்கின்றனர். அஃது எளிதன்று. பச்சிளங் கண் மென்மையானது; தையல் விரைவில் தளரும்; அயலார் படலத்தை உடல் கடுமையாக எதிர்க்கும். வலியையும் மங்கலையும் சொல்லக் குழந்தைக்கு வாயில்லை. அடிக்கடி மயக்க மருந்து கொடுத்தே சோதிக்கவேண்டும். பிறகு கண்ணாடி அணிவிப்பதும், நல்ல கண்ணைச் சில மணி நேரம் மறைத்து மற்றதைப் பழக்குவதும் பெற்றோர் கடமை.

படலம் குப்பியில் சில நாள் காத்திருக்கும். குழந்தையின் மூளை காத்திராது. உங்கள் வீட்டிலோ அண்டையிலோ மழலையின் விழியில் வெண்மை கண்டால், ‘வளர்ந்தபின் பார்ப்போம்’ என்று பெரியோர் சொல்ல விடாதீர்கள். அன்றே கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லச் சொல்லுங்கள்.