வயிற்றுக்குள் ஒரு வாடகைக்காரன்!

“அம்மா, எனக்குச் சாப்பாடு வேண்டாம்!”

இரண்டு நாளாக என் சின்னவன் இதையே சொல்லிக்கொண்டிருந்தான். ஒண்ணாங் கிளாஸ் படிக்கிற பிள்ளை. ஜுரம் இல்லை, வயிற்றுவலி இல்லை. பருப்பு சாதம், உருளைக்கிழங்கு வறுவல் என்று எதை வைத்தாலும் தட்டைத் தள்ளிவிட்டான். மூன்றாம் நாள் மடியில் போட்டுத் தலையைக் கோதியபடி மெதுவாகக் கேட்டேன்.

“சாப்பிட்டா புழு ராட்சசன் பெரிசா ஆயிடுவாம்மா... அப்புறம் என் வயித்தைக் கிழிச்சிக்கிட்டு வந்துடுவான்!” என்று விசும்பினான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால், அந்த ராட்சசனைப் பெற்றெடுத்த புண்ணியவதியே நான்தான்!

நடந்தது இதுதான். 2018 ஜனவரியில், மதுரையில் எங்கள் தெருவை அடுத்த ஆரம்பப் பள்ளியின் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். “அடுத்த மாசம் பூச்சி மாத்திரை கொடுக்கணும். பாதிப் பிள்ளைங்க கன்னத்துல ஒதுக்கி வச்சுத் துப்பிடுதுங்க. சின்னதா ஒரு நாடகம் எழுதித் தாங்களேன்” என்றார்.

2015-ஆம் ஆண்டிலிருந்து தேசிய குடற்புழு நீக்க நாள் என்று பிப்ரவரி 10-ஐ ஒட்டிப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் கொடுக்கிறார்களே, அந்த அல்பெண்டசோல் மாத்திரைதான். மென்று தின்ன வேண்டியது. 400 மில்லிகிராம் மாத்திரை ஒன்று. இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்கு அதில் பாதி.

எங்கள் எதிர்வீட்டில் ஓய்வு பெற்ற தமிழ் டீச்சர் இருக்கிறார். அவரையும் சேர்த்துக்கொண்டேன். மதுரைக்காரிக்கு நாடகம் எழுதச் சொல்லித் தர வேண்டுமா என்று எனக்கு ஒரு மிதப்பு! 1918-ல் சங்கரதாஸ் சுவாமிகள் சிறுவர்களை வைத்துப் பால நாடக சபை நடத்திய ஊராயிற்றே இது! அவர் ‘அபிமன்யு சுந்தரி’யை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பார்கள். இருபது நிமிஷ நாடகம் நமக்கு எம்மாத்திரம்?

டீச்சர்தான் என் தலையில் குட்டினார். “ஏம்மா, அங்கே நடிச்சவங்கதான் பிள்ளைங்க. பார்த்தவங்க பெரியவங்க. நமக்கு முன்னால உட்காரப் போறது அஞ்சு வயசும் எட்டு வயசும். அது வேற வித்தை!”

ஒரு நோட்டு, இரண்டு கை

இருவர் சேர்ந்து எழுதுவது இரண்டு பேர் ஒரே அடுப்பில் சமைப்பது மாதிரி. நான் உப்புப் போட்டதை அவர் பார்க்கவில்லை; அவரும் போட்டார்! எனக்கு அடுக்கடுக்காக வசனம் வேண்டும். அவருக்கு வாக்கியத்துக்கு ஏழெட்டு வார்த்தை தாண்டக் கூடாது. நான் ஆசை ஆசையாக எழுதிய அரைப் பக்க ‘சுத்தம் பேணுவோம்’ பிரசங்கத்தை ஒரே கோட்டில் அடித்துவிட்டார். இரண்டு நாள் நான் அவர் வீட்டுப் பக்கம் தலைகாட்டவில்லை. மூன்றாம் நாள் அவரே ஒரு கிண்ணம் பாயசத்தோடு வந்து, “கோபம் தணிஞ்சிருந்தா ரெண்டாவது காட்சிக்குப் போகலாமா?” என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதமாக நின்றேன். வில்லனாக ஒரு புழு ராட்சசன்! “சின்னதுங்க பயப்படாதா?” என்று டீச்சர் இரண்டு தடவை கேட்டார். “பயந்தாத்தானே டீச்சர் மாத்திரை போடும்?” என்று அவர் வாயை அடைத்துவிட்டேன்.

கறுப்புப் போர்வை, சிவப்புச் சாயம், பின்னால் தகர டின்னில் அடித்த சத்தம்... பெரிய வகுப்புப் பிள்ளைகள் கைதட்டினார்கள். முன்வரிசைக் குட்டிகள் மூச்சுப் பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்ததை நான் ரசனை என்று நினைத்துக்கொண்டேன். அது பீதி என்பது என் மகன் சாப்பாட்டை வெறுத்த பிறகுதான் தெரிந்தது. மாத்திரை கொடுத்த அன்று எட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கே வரவில்லை. “மாத்திரை போட்டா உள்ளே இருக்கிற ராட்சசனுக்குக் கோபம் வருமாம்” என்றாள் ஒரு தாய். விட்டுப்போனவர்களுக்கு மறுபடி கொடுக்கிற நாளில் நானும் டீச்சரும் வீடு வீடாகப் போய்ச் சமாதானம் சொல்லி அழைத்து வந்தோம்.

“நான் அப்பவே சொன்னேனே” என்று டீச்சர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் என்னை அதிகம் சுட்டது.

ராட்சசன் போய் வாடகைக்காரன் வந்தான்

ஆகஸ்டில் அடுத்த மாத்திரை. அதற்குள் நாடகத்தை மாற்றியாக வேண்டும். அப்போது எங்கள் மாடிப் போர்ஷனில் ஒருவர் நாலு மாதமாக வாடகை தராமல் இழுத்தடித்துக்கொண்டிருந்தார். அதைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தபோது டீச்சர் சட்டென்று, “கிடைச்சிட்டான்மா நம்ம ஆளு!” என்றார்.

ஆம்! புழு இப்போது வாடகை தராத குடித்தனக்காரர். ‘வீடும் ஓசி, சாப்பாடும் ஓசி’ என்று ஈஸிசேரில் சாய்ந்துகொண்டு, ஒரு சிறுமியின் வயிற்றுக்குள் ஒய்யாரமாகக் குடியிருக்கிறார். ஒத்திகையில் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கடைசிக் காட்சியில் அவர் பார்வையாளர்களைப் பார்த்து, “நான் இங்கேயே இருக்கட்டுமா?” என்று கேட்க வேண்டும். ‘கூடாது!’ என்று பதில் வரும் என்று எழுதி வைத்திருந்தோம். வந்ததோ, “இருக்கட்டும்!” அத்தனை பேருக்கும் அவரைப் பிடித்துப் போய்விட்டது!

அன்று ராத்திரி சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. பிறகு இருவரும் யோசித்தோம். சிரிப்பு போகக் கூடாது. ஆனால் நஷ்டம் யாருக்கு என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். எனவே ஒரு காட்சி சேர்த்தோம். சிறுமி ஓட்டப் பந்தயத்துக்கு ஆசையாகத் தயாராகிறாள். அவள் தின்கிற கடலை மிட்டாயை உள்ளேயிருந்து வாடகைக்காரர் வாங்கி வாங்கி மெல்லுகிறார். பந்தயத்தில் பாதியிலேயே களைத்து உட்கார்ந்து விடுகிறாள். இப்போது கேட்டால், “வெளியே போ!” என்று கூரை அதிர்ந்தது.

மாத்திரை, வீட்டைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ். திரும்ப வராதிருக்க மூன்று தாழ்ப்பாள்: காலில் செருப்பு, வெட்டிய நகம், சோப்புப் போட்டுக் கழுவிய கை. கொக்கிப் புழு, வெறுங்காலோடு மண்ணில் நடக்கும்போது தோல் வழியே நுழைந்து, குடலில் ரத்தத்தை உறிஞ்சிச் சோகையில் கொண்டுபோய் விடும். உருண்டைப் புழுவின் முட்டை அழுக்கு நகத்தோடும் கழுவாத காய்கறியோடும் வயிற்றுக்குள் போகும். இதையெல்லாம் பிரசங்கமாகச் சொல்லாமல், ஒவ்வொரு தாழ்ப்பாளையும் பிள்ளைகளே மேடையேறிப் போடும்படி செய்தோம்.

நீங்களும் எழுதலாம்

உங்கள் குழந்தையின் பள்ளியில் கேட்டால் தயங்காதீர்கள். தோழி ஒருத்தியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டவை இவை:

* ஒரே நோட்டில் இடப்பக்கம் ஒருவர், வலப்பக்கம் ஒருவர் எழுதுங்கள். மற்றவர் வரியை அடிக்கும் முன் சத்தமாக வாசித்துப் பாருங்கள்.

* வீட்டுக் குழந்தையை உட்கார வைத்துப் படித்துக் காட்டுங்கள். எந்த வரியில் அது ஃபேனை அண்ணாந்து பார்க்கிறதோ, அந்த வரி அவுட்!

* முதல் மூன்று வகுப்புகளுக்கு இருபது நிமிஷம் போதும்.

* பிரச்னையைப் பெரியவர் வந்து தீர்க்கக் கூடாது. மேடையிலுள்ள குழந்தையே தீர்க்கட்டும்.

* பயமுறுத்தும் பாத்திரம் வேண்டுமானால், சிரிக்கவும் வையுங்கள். ஆறு வயசுக்கு மேடையில் நடப்பதும் தன் வயிற்றில் நடப்பதும் ஒன்றுதான்.

* கூட எழுதுகிறவர் ‘இது சரியா வருமா?’ என்று இரண்டு தடவை கேட்டால், மூன்றாவது தடவை கேட்கும்படி வைக்காதீர்கள். இது எனக்கு நானே சொல்லிக்கொண்டது!

ஆகஸ்டில் மாத்திரை கொடுத்த அன்று அந்த எட்டுப் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். என் சின்னவன் மாத்திரையை நறநறவென்று மென்று, தண்ணீர் குடித்து, வயிற்றைத் தட்டி, “சார், வீட்டைக் காலி பண்ணுங்க!” என்றான். ராத்திரி தட்டை நீட்டி, “இன்னும் கொஞ்சம் சாதம் போடும்மா” என்றான்.

எதிர்வீட்டு வாசலில் நின்ற டீச்சரிடம் ஓடிப்போய் அதைச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, “அப்போ அடுத்த நாடகத்துக்கு நோட்டு வாங்கிடலாமா?” என்று கேட்டார்.